ஜூலை வார இறுதிக்கு யாரைக் குறிப்பது? தாத்தாவின் நோட்டுப் புத்தகத்தில் புரியாத ஒரு குறி

பீனிக்ஸ் பேரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டர்பன் ஜூலை குதிரைப் பந்தயத்துக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. ஓடும் குதிரைகளின் இறுதிப் பட்டியலும் கேட் எண்களும் (குதிரை புறப்படும் கதவின் எண்; எண் கூடக் கூட உள்வேலியிலிருந்து தொலைவு) இன்னும் வெளிவரவில்லை. எங்கள் வீட்டில் ஒன்பது பேர் ஆளுக்கு ஐம்பது ராண்ட் போட்டு ஒரே பட்டியலாகப் பந்தயம் கட்டுவது நெடுநாள் வழக்கம். அந்தப் பட்டியலை எப்போதும் தாத்தாதான் எழுதுவார். சென்ற ஆண்டு இறுதியில் அவர் காலமானார். இந்த ஆண்டு எழுதும் பொறுப்பைப் பாட்டி என்னிடம் கொடுத்துவிட்டார். எனக்குக் குதிரைகளைப் பார்க்கப் பிடிக்கும் என்றாலும், பார்ப்பதற்கும் தேர்ந்தெடுப்பதற்கும் உள்ள தொலைவு இப்போதுதான் தெரிகிறது.

தாத்தாவின் நோட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. செய்தித்தாளிலிருந்து வெட்டிய ரேஸ் கார்டுகளை (ஓடும் குதிரைகளின் விவரப் பட்டியல்களை) சோற்றுப் பசையால் ஒட்டி, ஓரத்தில் பென்சிலால் தமிழில் குறிப்பு எழுதியிருக்கிறார். "அடைபட்டான்", "வெளியே சுற்றினான்", "இன்னும் இருந்தது" என்பவையே மீண்டும் மீண்டும் வருகின்றன. கூட்டத்துக்குள் சிக்கி வழி கிடைக்காமல் போனதையும், வளைவில் வெளிப்புறமாக ஓடித் தூரத்தை வீணாக்கியதையும், முடிவுக் கோட்டைக் கடக்கும்போதும் வலு மிச்சமிருந்ததையும் அவை சொல்கின்றன என்று ஊகிக்க முடிகிறது. ஆனால் சில பெயர்களுக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 3 என்று போட்டிருக்கிறார். மூன்று வயதைக் குறிப்பதாக முதலில் நினைத்தேன். நான்கு, ஐந்து வயதுக் குதிரைகளுக்கும் அதே குறி இருப்பதால் அந்த விளக்கம் பொருந்தவில்லை.

நான் கேட்க விரும்புபவை இவை. ஜூலையில் மூன்று வயதுக் குதிரைகளை நம்புவது சரியா, வயதில் மூத்தவற்றை நம்புவது சரியா? பெரிய கேட் எண் வந்த குதிரையைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாமா? பந்தயத்துக்கு முன், அது நடக்கும் கிரேவில் ஓடுதளத்தில் மக்கள் பார்க்க நடக்கும் பயிற்சி ஓட்டமான பொது கேலப்ஸுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது? அந்த வட்டத்து 3 என்னவென்று யாருக்காவது தெரிந்தால் அதையும் சொல்ல வேண்டுகிறேன்.

வெருலம் பெரியவர் எழுதியது:

தம்பி, தாத்தாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். அவர் எழுதிய மூன்று குறிப்புகளைப் படித்தபோதே அவர் எப்படிப்பட்ட ரேஸ்காரர் என்பது விளங்கிவிட்டது. குதிரை எத்தனையாவதாக வந்தது என்பதை எல்லோரும் பார்ப்பார்கள்; ஏன் அப்படி வந்தது என்பதை அவர் பார்த்திருக்கிறார்.

வட்டத்து 3 என்பது, என் கணிப்பில், ஓய்வுக்குப் பின் மூன்றாவது ஓட்டம். நம் நாட்டில் பழைய ரேஸ்காரர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். நீண்ட ஓய்விலிருந்து திரும்பும் குதிரை முதல் ஓட்டத்தில் மூச்சுப் பிடிக்கத் தவிக்கும். இரண்டாவதில் முன்னேறும், அல்லது முதல் ஓட்டத்தின் களைப்பால் சற்றுப் பின்வாங்கும். மூன்றாவதில்தான் உடம்பு முழுமையாகத் தயாராகியிருக்கும். ஜூலையை மனத்தில் வைத்திருக்கும் பயிற்சியாளர், அந்த மூன்றாவது ஓட்டம் ஜூலை முதல் சனிக்கிழமையில் வந்து விழும்படி மாதக் கணக்கில் திட்டமிடுவார். நோட்டுப் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் கார்டுகளில் முந்தைய ஓட்டங்களின் தேதிகள் இருக்கும். எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இனி வயது. தென்னாப்பிரிக்காவில் எல்லாப் பந்தயக் குதிரைகளுக்கும் ஆகஸ்ட் 1 அன்று ஒரு வயது கூடுகிறது. ஆகவே ஜூலையில் ஓடும் மூன்று வயதுக் குதிரை, நான்கு வயதை எட்ட நான்கே வாரம் பாக்கி இருக்கும் குதிரை. சிறு வயது என்பதற்காக எடையில் சலுகை உண்டு. உடலோ ஏறக்குறைய முதிர்ந்துவிட்டது. அந்த இடைவெளியில்தான் அவற்றின் வாய்ப்பு இருக்கிறது. 2009இல் பிக் சிட்டி லைஃப், 2010இல் போல்ட் சில்வானோ, 2011இல் இகுகு, 2012இல் பொமொடோரோ என்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து மூன்று வயதுக் குதிரைகளே வென்றன. பிறகு 2018இல் டூ இட் அகெய்ன், 2021இல் கொமெட்டீடிங், 2024இல் ஓரியன்டல் சார்ம். இவற்றில் இகுகு பெண்குதிரை. 2002இல் வென்ற ஜிம்பாப்வேயின் இபி டொம்பியும் மூன்று வயதுப் பெண்குதிரைதான். அடுத்த ஆண்டே அது துபாய் சென்று அங்கும் பெரிய பந்தயத்தை வென்று வந்தது.

இதை வைத்து மூத்த குதிரைகளை ஒதுக்கிவிட வேண்டாம். 2013இல் ஹெவி மெட்டல், 2017இல் மரினரெஸ்கோ, 2022இல் ஸ்பார்க்ளிங் வாட்டர், 2023இல் வின்செஸ்டர் மேன்ஷன் ஆகியவை மூன்று வயதைக் கடந்தவையே. டூ இட் அகெய்ன் 2019இல் முந்தைய ஆண்டைவிடக் கூடுதல் எடையைச் சுமந்து மீண்டும் வென்றது. மூன்றாம் முறையும் முயன்றது, முடியவில்லை. 1897இல் தொடங்கிய இந்தப் பந்தயத்தை இன்றுவரை எந்தக் குதிரையும் மூன்று முறை வென்றதில்லை.

நான் மூன்று வயதுக் குதிரையிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: 2000 மீட்டர் தூரத்தைத் தாங்கியிருக்கிறதா? 1600 மீட்டரில் பளிச்சென்று வென்ற குதிரைக்கு ஜூலையின் 2200 மீட்டரில் கடைசி முந்நூறு மீட்டர் வேறு உலகம். அதே கிரேவிலில் மூன்று வயதுக் குதிரைகளுக்காக நடக்கும் டெய்லி நியூஸ் 2000 பந்தயத்தின் காணொளியை மூன்று முறையாவது பாருங்கள். முதல் முறை வென்ற குதிரையைப் பாருங்கள். அடுத்த இரண்டு முறையும் நான்காவது, ஐந்தாவது வந்தவற்றை மட்டும் பாருங்கள். தாத்தா "அடைபட்டான்" என்று எழுதிய குதிரைகள் அங்கேதான் இருக்கும்.

எடையைப் பற்றியும் ஒரு சொல். நம் முறையில், குதிரையின் திறனுக்குப் போடும் மதிப்பெண்ணான மெரிட் ரேட்டிங்கின் ஒரு புள்ளிக்கு அரைக் கிலோ சுமை. ஜூலையில் எடைக்கு மேல் வரம்பு இருப்பதால், மிகச் சிறந்த குதிரை தன் ரேட்டிங்குக்கு உரிய முழுச் சுமையையும் சுமக்க வேண்டியதில்லை. திறனுக்கேற்ப எடை ஏற்றும் சாதாரண ஹேண்டிகேப் பந்தயத்தில் மிகக் குறைந்த எடைக் குதிரையைத் தேடிப் பழகியவர்கள் ஜூலையில் ஏமாறுவது இதனால்தான். இங்கே தரத்தை நோக்கிப் போவதே நல்லது.

உங்கள் தாத்தா 1967ஆம் ஆண்டுப் பக்கத்தை வைத்திருக்கிறாரா? நான் அப்போது சிறுவன். நம் மக்கள் தனி வளாகத்தில்தான் நிற்க முடிந்த காலம் அது. அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தேன். அதற்கு முந்தைய ஆண்டு, பந்தயத்துக்குச் சில வாரங்களுக்கு முன் சீ காட்டேஜ் என்ற குதிரையைக் கடற்கரைப் பயிற்சிக்கு நடத்திச் சென்ற வழியில் துப்பாக்கியால் சுட்டுவிட்டார்கள். குண்டை உடம்பில் வைத்துக்கொண்டே அந்தக் குதிரை 1966 ஜூலையிலும் ஓடி நான்காவதாக வந்தது. 1967இல் ஜாலிஃபையுடன் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட்டு வெற்றியைப் பகிர்ந்துகொண்டது. என் அப்பா அன்று அழுததை நான் பார்த்தேன்.

பீனிக்ஸ் பேரன் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. 1967 பக்கம் இருக்கிறது. குறிப்பு எதுவும் இல்லை. சீ காட்டேஜ், ஜாலிஃபை என்ற இரண்டு பெயர்களையும் ஒரே கோட்டால் வளைத்துக் கட்டியிருக்கிறார். அவ்வளவுதான். தேதிகளை இன்றிரவு எண்ணிப் பார்க்கிறேன்.

போர்ட் லூயி வாசகர் எழுதியது:

வணக்கம். நான் மொரீஷியஸிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தீவில் ஓடும் குதிரைகளில் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவிலிருந்து வருபவை என்பதால், டர்பன் பந்தயங்களை நாங்களும் விடாமல் பார்க்கிறோம். கேட் எண் பற்றிய கேள்விக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் நானே பல ஆண்டுகள் தவறாகக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

1812இல் தொடங்கிய எங்கள் ஷான் தெ மார்ஸ் ஓடுதளத்தின் சுற்றளவு சுமார் 1,300 மீட்டர்தான். வளைவுகள் நெருக்கமானவை, கடைசி நேர்ப்பாதை மிகக் குறுகியது. அங்கே உள்வேலியை ஒட்டி முன்னால் ஓடும் குதிரையைப் பின்னாலிருந்து எட்டிப் பிடிப்பது கடினம். ஆகவே சிறிய கேட் எண்ணும் புறப்பாட்டு வேகமும் எங்களுக்கு அரிச்சுவடிப் பாடம். அதே கண்ணோடு கிரேவிலைப் பார்த்து, பெரிய கேட் எண் வந்த குதிரைகளையெல்லாம் பேனாவால் அடித்துக்கொண்டிருந்தேன்.

கிரேவிலின் புல்தரைச் சுற்று சுமார் 2,800 மீட்டர்; பேரிக்காய் வடிவம்; நடுவில் ஒரு கோல்ஃப் மைதானமே அடங்கியிருக்கிறது. கடைசி நேர்ப்பாதை ஏறக்குறைய 500 மீட்டர். பின்னால் இருக்கும் குதிரைக்கு எழுந்து வர நேரம் உண்டு. அதற்காகக் கேட் எண்ணுக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. பதினெட்டுக் குதிரைகள் ஒரே வளைவை நோக்கிப் பாயும்போது வெளிப்புறத்தில் மாட்டிக்கொண்டது, சுற்று முழுவதும் மற்றவற்றைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருக்கும். ஆனால் அந்த இழப்பு எல்லாக் குதிரைக்கும் ஒன்றல்ல. பின்னால் தங்கி ஓடிப் பழகிய குதிரை வெளிக் கேட்டிலிருந்து புறப்பட்டாலும், முதல் இருநூறு மீட்டரில் நிதானமாக உள்ளே இறங்கிக் கடைசி வரிசையில் அமர்ந்துகொள்ளும். அதற்குப் பெரிய நஷ்டம் இல்லை. நடு வரிசையில் ஓடும் குதிரைதான் வெளிக் கேட்டால் கெட்டுப்போகும். முன்னேறினால் வலு தீரும், பின்வாங்கினால் பழக்கம் தப்பும், இருந்த இடத்திலேயே இருந்தால் வெளியே சுற்றும். உங்கள் தாத்தா எழுதிய "வெளியே சுற்றினான்" என்ற சொல் இதைத்தான் காட்டுகிறது.

ஆகவே கேட் எண் வெளிவந்ததும் குதிரைப் பெயர்களை அடிக்கத் தொடங்காதீர்கள். ஒரு தாளில் பதினெட்டுப் பெயரையும் எழுதி, யார் முன்னால் போவார், யார் நடுவில், யார் கடைசியில் என்று மூன்றாகப் பிரியுங்கள். முன்னால் போக விரும்பும் குதிரை ஒன்றே ஒன்று இருந்தால், ஓட்டம் மந்தமாகி அதுவே தப்பித்துப் போய்விடக் கூடும். நான்கைந்து இருந்தால் அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நேர்ப்பாதையில் தளரும். அப்போது கடைசி வரிசைக்காரரைப் பட்டியலில் மேலே ஏற்றுங்கள்.

மாரிட்ஸ்பர்க் சகோதரி எழுதியது:

தம்பிக்கு வணக்கம். என் தந்தை சம்மர்வெல்ட் குதிரைப் பயிற்சி மையத்துக்குத் தீவனம் ஏற்றிச் செல்லும் வேலையில் இருந்தார். பள்ளி விடுமுறையில் விடியற்காலை லாரியில் அவருடன் போவேன். கேப்டவுனிலிருந்து 1,600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்த குதிரைகள், இரண்டு மூன்று வாரம் கழித்து உடம்பு தேறி மினுமினுப்பதை அங்கேதான் பார்த்தேன். கேப்டவுனில் குளிர்கால மழை. இங்கே வறண்ட, இதமான குளிர்காலம். அதனால்தான் நாட்டின் சிறந்த குதிரைகள் இந்தப் பருவத்தில் நம் மாகாணத்துக்கு வருகின்றன. வெளியூர்க் குதிரை எப்போது வந்து சேர்ந்தது, வந்த பின் இங்கே ஒரு முறையாவது ஓடியிருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். கடைசி வாரத்தில் வந்திறங்கியதை நான் குறிப்பதில்லை.

பொது கேலப்ஸ் பற்றிப் பலர் மிகையாகப் பேசுகிறார்கள் என்பது என் கருத்து. வேகமாக ஓடிய குதிரையை மறுநாள் எல்லோரும் ஃபேவரிட் (வெல்லும் என்று அதிகம் பேர் பணம் கட்டும் குதிரை) ஆக்கிவிடுகிறார்கள். அது ஒரு வேலைநாள் ஓட்டம். எந்தக் குதிரைக்கு என்ன உத்தரவு கொடுக்கப்பட்டது என்பது நமக்குத் தெரியாது. கூட ஓடிய குதிரை சோம்பேறியாக இருந்தால் நம் குதிரை பறப்பதுபோலத் தோன்றும். நான் நேரத்தைக் குறிப்பதே இல்லை. கோட்டைக் கடந்த பிறகு ஜாக்கி நிறுத்த முயலும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்பேன். காதை முன்னே நிமிர்த்திக்கொண்டு இன்னும் நூறு மீட்டர் தானாகவே போகிற குதிரை நல்ல நிலையில் இருக்கிறது. திரும்பி நடந்து வரும்போது விலா எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதையும் பார்ப்பேன்.

பந்தய நாளில், ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பரேட் ரிங்கின் கம்பியோரம் நின்று பார்க்க முடிந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. கழுத்தில் லேசான வியர்வை பரவாயில்லை. பின்னங்கால்களுக்கு நடுவே வெண்ணுரை கட்டி, வாலை வீசிக்கொண்டு, நடத்திச் செல்பவரை இழுத்துக்கொண்டு போகிற குதிரை பாதிப் பந்தயத்தை அங்கேயே ஓடி முடித்துவிட்டது. ஜூலை நாளின் கூட்டமும் இசையும் வேறெந்த நாளிலும் இல்லாதவை; அமைதியான புதன்கிழமைப் பந்தயங்களில் மட்டுமே ஓடிய இளங்குதிரை அதில் மிரண்டுபோகும்.

விலையைப் பார்த்தும் மயங்க வேண்டாம். 2021இல் வென்ற கொமெட்டீடிங் 55,000 ராண்டுக்கு வாங்கப்பட்ட குதிரை. அதைத் தன் தந்தையுடன் சேர்ந்து பயிற்றுவித்த மிஷெல் ரிக்ஸ், ஜூலையை வென்ற முதல் பெண் பயிற்சியாளர் ஆனார். அன்று நானும் என் மகளும் தொலைக்காட்சி முன் எழுந்து நின்று கைதட்டினோம்.

ஒன்றை மட்டும் பெரியவரிடம் மாறுபட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓய்வுக்குப் பின் மூன்றாவது ஓட்டம் என்பது ஆண்குதிரைகளுக்கும் காயடித்தவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்; பெண்குதிரைகள் சில ஓய்வுக்குப் பின் முதல் ஓட்டத்திலேயே தங்கள் சிறந்ததைக் கொடுத்துவிட்டு அடுத்தடுத்து மங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஜூலை நாளன்றே பெண்குதிரைகளுக்காக 1600 மீட்டரில் நடக்கும் கார்டன் ப்ராவின்ஸ் பந்தயத்துக்கு அந்த விதியை அப்படியே எடுத்துச் செல்ல வேண்டாம்.

வெருலம் பெரியவர் எழுதியது:

அம்மா சொல்வதை ஏற்கிறேன். பெண்குதிரை விஷயத்தில் அதன் சொந்தப் பழைய கணக்கைத்தான் பார்க்க வேண்டும். முந்தைய ஓய்வுகளுக்குப் பின் அது எப்படி ஓடியது என்பது கார்டிலேயே தெரிந்துவிடும். ஆனால் கேலப்ஸை முழுவதும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நல்லதைக் கண்டுபிடிக்க அது உதவாமல் போகலாம். வலியால் ஒரு காலைத் தாங்கி ஓடுகிற குதிரையை அது காட்டிக்கொடுக்கும்.

தம்பி, பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆயினும் சொல்கிறேன். உங்கள் கையில் இருப்பது 450 ராண்ட். ஜூலையில் முதல் நான்கையும் வரிசை மாறாமல் சொல்லும் குவார்டெட்டில் நான்கு குதிரைகளை எல்லா வரிசையிலும் கட்டினால் 24 சேர்க்கைகள். ஐந்து குதிரைகள் என்றால் 120. ஆறு என்றால் 360. ஒரே ஒரு பெயரைச் சேர்க்கும் ஆசை செலவை ஐந்து மடங்காக்கிவிடும். இறுதிப் பட்டியல் வருமுன் கட்டவும் வேண்டாம். குதிரை விலகிவிட்டால் முன்கூட்டிக் கட்டிய பணம் பெரும்பாலும் போனதுதான். பந்தயம் முடிந்ததும் சீட்டைக் கிழிக்கவும் வேண்டாம். 2014இல் கோட்டை முதலில் கடந்தது வைலி ஹால். ஆட்சேபணை ஏற்கப்பட்டு வெற்றி லெஜிஸ்லேட்டுக்குப் போனது. அன்று கீழே கிடந்த சீட்டுகளைக் குனிந்து தேடியவர்களை நான் பார்த்தேன்.

அன்றைய மற்ற பந்தயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோல்டன் ஸ்லிப்பரும் கோல்டன் ஹார்ஸ்ஷூவும் இரண்டு வயதுக் குதிரைகளுக்கு, 1400 மீட்டர். அவற்றுக்குப் பழைய கணக்குக் குறைவு, ஒரே மாதத்தில் வளர்ந்துவிடும் வயது, ஆகவே அங்கே ஃபேவரிட்டோடு இன்னும் இரண்டைச் சேர்ப்பது நல்லது. 3000 மீட்டர் கோல்ட் வாஸில் அதற்கு நேர்மாறு; நீண்ட தூரத்தைத் தாங்கும் குதிரைகள் நாட்டில் குறைவு, அவை ஒன்றையொன்று பலமுறை சந்தித்தவை, முந்தைய முடிவுகளை நம்பலாம்.

பீனிக்ஸ் பேரன் எழுதியது:

இரண்டு இரவுகள் உட்கார்ந்து எண்ணினேன். வட்டத்து 3 உள்ள இருபத்தாறு இடங்களில், தேதிகள் தெளிவாகத் தெரிந்தவை பத்தொன்பது. பதினேழில் ஐயா சொன்னது அப்படியே பொருந்துகிறது. மீதி இரண்டும் பெண்குதிரைகள். அந்த வட்டங்களைத் தாத்தா பிறகு குறுக்குக்கோடு போட்டு அடித்திருக்கிறார். அக்கா எழுதியதைப் படிக்கும் வரை, ஏன் அடித்தார் என்பது எனக்குப் புரியவில்லை. பாட்டிக்கும் படித்துக் காட்டினேன்.

இப்போது என் திட்டம் இது. இறுதிப் பட்டியல் வந்ததும் பதினெட்டுப் பெயரையும் மூன்றாகப் பிரிப்பேன். 2000 மீட்டரைத் தாங்கிய மூன்று வயதுக் குதிரைகளில் இரண்டு, மேல் எடைக்காரர்களில் ஓய்வுக்குப் பின் மூன்றாவதாக ஓடுவது ஒன்று, டெய்லி நியூஸில் அடைபட்டு வந்தது ஒன்று. இந்த நான்கோடு நிறுத்திக்கொள்வேன். ஐந்தாவதைச் சேர்க்கச் சொல்லி மாமா கேட்பார். 120 என்ற கணக்கைக் காட்டுவேன். கார்டன் ப்ராவின்ஸுக்கும் கோல்ட் வாஸுக்கும் ஒவ்வொரு பெயர் மட்டும். பெயர்கள் முடிவானதும் வெள்ளிக்கிழமை மாலை இங்கே எழுதுகிறேன். திருத்த வேண்டியது இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

போர்ட் லூயி வாசகர் எழுதியது:

வெள்ளிக்கிழமை மாலை காத்திருப்பேன், தம்பி. ஒன்று மட்டும்: கடைசி நேரத்தில் ஒரு குதிரை விலகினால் காத்திருப்புப் பட்டியலிலிருந்து ஒன்று உள்ளே வரும். சனிக்கிழமை காலை பதினெட்டுப் பெயரையும் மறுபடி சரிபார்த்துவிட்டு, அந்த மூன்று பிரிவுகளைத் திரும்பவும் போடுங்கள். முன்னால் ஓடும் குதிரை ஒன்று விலகினாலே முழு ஓட்டமும் மாறிவிடும்.